யானை சீல் பிழைத்ததே, ஒரே கிடாவை வைத்தால் என்ன?

ஜூன் 3, காலை (திருத்துறைப்பூண்டி பக்கத்து வாசகர் கேட்டது)

டீச்சர், அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிற யானை சீல் என்ற பெரிய கடல் விலங்கு, வேட்டையில் இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்து, இன்றைக்கு 2 லட்சத்தைத் தாண்டி நிற்கிறதாம். அத்தனையும் அந்த இருபது முப்பதின் வாரிசு, எல்லாம் ஒரே ரத்தம். நன்றாகத்தானே இருக்கிறது? எங்கள் பட்டியில் இருபது பெட்டைக்கு ஒரு கிடா. அதுவும் இங்கேயே பிறந்தது. கால்நடை மருத்துவர் வரும்போதெல்லாம் "கிடாவை மாத்துங்க" என்கிறார். சீலுக்கு ஒன்றும் ஆகாதபோது ஆட்டுக்கு மட்டும் என்ன ஆகிவிடும்?

ஜூன் 3, இரவு

தம்பி, யானை சீல் கதை உண்மைதான். ஆனால் முழுசாகத் தெரிந்தால்தான் உங்கள் பட்டிக்கு வர முடியும்.

கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைக் கொன்று தீர்த்தார்கள். 1892-இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்குப் போன ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு எட்டே எட்டு யானை சீல்களைப் பார்த்தது. அதில் ஏழைக் கொன்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார்கள். மிஞ்சியவை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே செய்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். 1922-இல் மெக்சிகோ அரசு பாதுகாப்பு கொடுத்த பிறகு மெல்ல மெல்லப் பெருகின. 1974-இல் பானெல், செலாண்டர் என்ற இருவர் 150-க்கு மேற்பட்ட சீல்களின் ரத்தப் புரதங்களைச் சோதித்தார்கள். ஒன்றுக்கொன்று ஒரு வேறுபாடும் கிடைக்கவில்லை. நீங்கள் "ஒரே ரத்தம்" என்று சொன்னது கிட்டத்தட்ட சரி.

2024-இல் ஹாஃப்மன் குழு மரபணுத் தொகுதியையே முழுசாகப் படித்தது. கரையொதுங்கிய சீல்களின் உடல் எடை, கொழுப்பின் தடிமன், புழு, நோய் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தும் உட்கலப்பால், அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்ந்து பிறப்பதால், வந்த நலிவு இன்றைய சீல்களிடம் தெரியவில்லை. இதுவரை உங்கள் பக்கம்தான் பேசுகிறது.

அதே ஆய்வில் அடுத்த பாதி இருக்கிறது. வேட்டை உச்சத்தில் இருந்த காலத்தில் மரபுக்குப் பங்களித்தவை ஆறு விலங்குக்குச் சமம் என்று கணக்கு வருகிறது. அவ்வளவு நெருக்கிப் பிழிந்ததில் கேடான மரபணுக்களில் பெரும்பகுதி கழிந்து போயிருக்க வேண்டும் என்கிறார்கள். கழிவது என்றால் எப்படி? அந்த மரபணுவை இரண்டு பக்கமும் வாங்கிப் பிறந்தவை சாக வேண்டும், அல்லது ஈனாமல் போக வேண்டும். பெரும்பாலும் இப்படித்தான் கழியும். மீண்டு வந்த காலம் முழுக்க அந்தச் சுமை இனத்தைப் பலமாகப் பாதித்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

ஆள் இல்லாத தீவில் செத்த குட்டிகளை யாரும் எண்ணவில்லை. நீங்கள் படித்த 2 லட்சம், பிழைத்தவற்றின் வாரிசு.

ஆகவே என் கேள்வி: போன வருஷம் உங்கள் பட்டியில் எத்தனை குட்டி பிறந்தது, இரண்டு மாதம் தாண்டியது எத்தனை? எத்தனை விற்றீர்கள் என்பது வேண்டாம்.

ஜூன் 4

ராத்திரி எழுதியதில் கணக்கு விட்டுப்போனது. இருபது பெட்டை, ஒரு கிடா என்றால் 21 உருப்படி என்று நினைப்போம். மரபுக் கணக்கு அப்படிப் போகாது. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 80-ஐ 21-ஆல் வகுத்தால் 3.8. உங்கள் பட்டி, மரபைப் பொறுத்தவரை நாலு ஆட்டுப் பட்டி. ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 13 சதவீதம் போய்க்கொண்டிருக்கும். உறவில்லாத நாலு கிடா இருந்தால் அதே இருபது பெட்டைக்கு இந்த எண் 13.3 ஆகும், இழப்பு நாலு சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். பெட்டையை இரண்டு மடங்காக்கினால் ஒன்றும் பெரிதாக மாறாது, போட்டுப் பாருங்கள்.

யானை சீலிலும் இதே சிக்கல்தான். கரையில் ஒரு பெரிய ஆண் மற்ற ஆண்களை விரட்டிவிட்டுப் பல பெட்டைகளைத் தன்வசம் வைத்துக்கொள்ளும். பெரும்பாலான ஆண்கள் ஒரு குட்டிக்குக்கூடத் தகப்பன் ஆகாமலே செத்துப் போகும்.

ஜூன் 4, மாலை

"கேடான மரபணுவை இரண்டு பக்கமும் வாங்குவது என்றால் என்ன" என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வயலுக்கு இரண்டு மடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றதில் தண்ணீர் வரும். ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வருகிறது. எல்லா உயிரிடமும் அடைத்துக்கொண்ட சில இருக்கத்தான் செய்யும். தாயும் தகப்பனும் உறவில்லாதவை என்றால் அடைப்பு வேறு வேறு இடத்தில் இருக்கும், வயல் காயாது. தகப்பனே மகளோடு சேர்ந்தால், குட்டியின் மரபணுக்களில் நாலில் ஒரு பங்கு ஒரே மூதாதையின் இரண்டு நகலாக அமைய வாய்ப்பு. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அரை உடன்பிறப்புகள் சேர்ந்தால் எட்டில் ஒரு பங்கு.

ஜூன் 8

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: "சரியா எண்ணி வைக்கல டீச்சர். மழைல அஞ்சாறு போச்சு. அது வருஷா வருஷம் போறதுதான்."

அந்த "வருஷா வருஷம் போறதுதான்" என்ற வார்த்தை எங்கள் வீட்டிலும் இருந்தது. மாமியார் அப்படித்தான் சொல்வார். ஐப்பசி அடைமழையில் பிறந்த குட்டி நிற்காது, தை மாசக் குட்டி நிற்கும் என்பது அவர் கணக்கு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரே கொட்டிலில், ஒரே ராத்திரியில், ஒரே மழையில் பிறந்தவற்றுக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தபோதுதான் நான் நோட்டுப் போட ஆரம்பித்தேன்.

புங்க மரக் கிளையில் மீன்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரித் தொங்கு தராசைக் கட்டி, பழைய சேலைத் துண்டில் தூளி செய்து, ஈரம் காய்ந்ததும் குட்டியை அதில் போட்டு எடை பார்ப்போம். தொப்புள்கொடி இன்னும் ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், சீம்பால் குடித்துவிட்டால் எடை மாறிவிடும். இரண்டு கிலோவை ஒட்டி வரும் குட்டி அரை மணி நேரத்தில் தானாக எழுந்து மடியை முட்டும். ஒன்றே கால் கிலோக் குட்டி முன்னங்கால் முட்டியை ஊன்றிக்கொண்டு, பின்பக்கம் தூக்க முடியாமல், தலையை ஆட்டிக்கொண்டே கிடக்கும். காம்பை வாயில் வைத்தால் நாக்கைச் சுருட்டாது. வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி தெரிந்துவிட்டால் பெரும்பாலும் மறுநாள் தாண்டாது.

எடைக்குப் பக்கத்தில் தாய் எது, தகப்பன் எது, தாய்க்கு எத்தனையாவது ஈத்து என்று எழுதினேன். அந்த நேரத்தில் எங்கள் கிடா தன் மகள்களையே சேர்ந்துகொண்டிருந்தது. இளைத்த குட்டிகள் எல்லாப் பக்கமும் இருந்தன, தலைஈத்து ஆடுகளிடம் அதிகம், இரட்டைக் குட்டிகளில் அதிகம். அதையெல்லாம் கழித்த பிறகும் மகள்களின் குட்டிகள்தான் கூடுதலாகப் போயின. எங்கள் ஒரு கொட்டிலை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன், எண்ணிக்கை போதாது. ஆனாலும் அந்த நோட்டைப் பார்த்த பிறகு மழை மேல் மட்டும் பழி போட மனசு வரவில்லை.

ஜூன் 9

நேற்று எழுதியதற்கு நெருங்கிய ஆய்வு ஒன்று சீலிலேயே உண்டு. கனடாவின் கிழக்கே, நோவா ஸ்கோஷியாவுக்கு வெளியே கடலில் சேபிள் தீவு இருக்கிறது. வெறும் மணல் திட்டு. அங்கே துறைமுகச் சீல் என்று சொல்லும் சின்ன வகைச் சீல் குட்டி ஈனும். கோல்ட்மன், போவன், ரைட் மூவரும் அங்கே குட்டிகளைப் பிறந்த உடன் எடை போட்டு, மரபணு மாதிரி எடுத்து, எது பால்குடி மறக்கும்வரை பிழைக்கிறது என்று பார்த்தார்கள். 1998-இல் வெளிவந்தது. மரபு வேறுபாடு கூடுதலாக இருந்த குட்டிகள் பிறக்கும்போதே எடை கூடி இருந்தன, பிழைப்பதிலும் முந்தின. அந்தச் சீல் நாலு வாரத்துக்குள் பால் கொடுத்து முடித்துவிடும். அதற்குள் குட்டி கொழுப்பு ஏற்றிக்கொள்ளாவிட்டால் குளிர்ந்த கடலில் தாங்காது. ஆக, பிறந்த எடையிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

சேபிள் தீவில் காட்டுக் குதிரைகளும் உண்டு, 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வாரிசுகள். மணல், உப்புக் காற்று, தனித்துக் கிடக்கும் குதிரைகள் என்று படித்ததும் எனக்கு நம் கோடியக்கரைதான் கண்ணில் வந்தது. அங்கேயும் மட்டக்குதிரைகள் தனியாகத் திரிகின்றனவே.

ஜூன் 15

பேராவூரணியிலிருந்து ஒரு தம்பி கறாராக எழுதியிருக்கிறார்: "அக்கா, உங்களுக்குச் சாதகமான ஆய்வை மட்டும் எடுத்துப் போடுறீங்க. அண்டார்டிக் ரோமச் சீல் குட்டிகள்ல 2024-ல பார்த்ததுல பிறப்பு எடை, பிழைப்பு, வளர்ச்சி மூணுலயும் உட்கலப்புக்குப் பெரிய பாதிப்பு தெரியலையே. அதையும் சொல்லணும்ல?"

சொல்ல வேண்டும்தான். சொல்வதோடு, அதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கவும் வேண்டும்.

அந்த ஆய்வு நடந்த இடம் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பேர்ட் தீவு. அங்கே உள்ள ரோமச் சீலும் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் ஓரம்வரை போனதுதான். ஆனால் யானை சீல் அளவுக்குச் சுருங்கவில்லை. மீண்டு லட்சக்கணக்கில் பெருகியது, மரபு வேறுபாடும் நன்றாகவே தங்கியது. அப்படிப்பட்ட கூட்டத்தில் நெருங்கிய உறவில் பிறந்த குட்டி அபூர்வம். ஊரில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால், உயரத்தால் என்ன ஆகிறது என்று அந்த ஊரை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று, குட்டி எதனால் சாகிறது என்பது. அங்கே தாய் கடலுக்கு இரை தேடப் போய்விட்டுப் பல நாள் கழித்து வந்து பால் கொடுக்கும், மறுபடி போகும். இப்படியே நாலு மாதம். அவற்றின் இரையான கிரில் (இறால் மாதிரிச் சின்ன உயிர்) குறைந்த வருஷத்தில் தாய் தாமதமாக வரும், குட்டி பட்டினி கிடக்கும். நெரிசலான கரையில் பெரிய ஆண்கள் சண்டையில் குட்டி மேல் ஏறி நசுக்கும். ராட்சதப் பெட்ரல் பறவை கொத்திக் கொல்லும். மேலே விழுகிற ஆண் சீல், கீழே இருக்கிற குட்டியின் ரத்தம் என்னவென்று பார்த்தா விழுகிறது?

2018 நவம்பரில் கஜா வந்தபோது நாம் கண்ணால் பார்த்தோம். கோடியக்கரைக் காட்டு மான்களும் மட்டக்குதிரைகளும் செத்து, காரைக்கால் வரை கரையொதுங்கின. அந்த ராத்திரியில் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை. மேட்டில் நின்றது பிழைத்தது. அந்த வருஷத்துச் சாவை வைத்து மரபின் பங்கைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அதனால் மரபுக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது.

ஜூன் 16

பேர்ட் தீவைப் பற்றி இன்னும் இரண்டு சேதி, பேராவூரணித் தம்பிக்காக. 2007-இல் அங்கே செய்த ஆய்வில், பெட்டைச் சீல்கள் பக்கத்தில் கிடக்கும் ஆணை விட்டுவிட்டு, கரையில் தூரம் நகர்ந்து போய், தனக்கு உறவில்லாத, மரபு வேறுபாடு கூடிய ஆணைத் தேர்ந்தெடுத்தது தெரிந்தது. அவை எதை வைத்து அடையாளம் கண்டுகொள்கின்றனவோ, ஆனால் தேர்வு நடந்திருக்கிறது. 2014-இல் ஃபார்காடாவும் ஹாஃப்மனும் இருபது வருஷத்துக்கு மேலான பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கடல் சூடாகிக் கிரில் குறையக் குறைய, வளர்ந்து குட்டி ஈன வரும் பெட்டைகளின் மரபு வேறுபாடு கூடிக்கொண்டே வந்தது. வேறுபாடு குறைந்த பெட்டைகள் அந்த நிலைக்கு வரும் முன்பே காணாமல் போய்க்கொண்டிருந்தன.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது: முதல் சில மாதங்களில் தாயின் பாலும் கரையின் நெரிசலும் முடிவு செய்கின்றன. மரபின் கணக்கு சில இடங்களில் பிற்பாடுதான் தீர்க்கப்படுகிறது. குட்டி பால் மறந்தது, பிழைத்தது என்று நாம் நோட்டை மூடிய பிறகு.

அதனால் என் நோட்டில் இனிமேல் முதல் ஈத்துவரை வந்ததா என்றும் ஒரு கட்டம் போடுகிறேன்.

ஜூன் 22

மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும் நேரம், எல்லோருக்கும் வேலை. சுருக்கமாக எழுதுகிறேன்.

புழு. நம் டெல்டாவில் ஆடு மாட்டுக்கு முதல் எதிரி இதுதான். தண்ணீர் நிற்கிற இடத்தில் நத்தை, நத்தையில் தட்டைப்புழு, வாய்க்கால் ஓரப் புல்லை மேய்ந்த ஆட்டின் ஈரலில் அதே புழு. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குவதைப் பார்க்காத ஆட்டுக்காரர் இங்கே கிடையாது. ஒரே வரப்பில் மேய்ந்த ஆடுகளில் ஒன்று மட்டும் ஏன் முந்திச் சாய்கிறது?

நெதர்லாந்துக் கரையில் ஒதுங்கிய 60 துறைமுகச் சீல்களின் நுரையீரல் புழுவை வைத்து இதைப் பார்த்தார்கள், 2014-இல் வெளிவந்தது. முதலில் 27 மரபுக் குறிகளை, அதாவது மரபில் ஒப்பிட்டுப் பார்க்கும் 27 இடங்களை, வைத்துப் பார்த்தபோது தொடர்பு மங்கலாகத்தான் தெரிந்தது. அப்புறம் 14,585 குறிகளை வைத்துப் பார்த்தார்கள். யாருக்குப் புழு பிடிக்கிறது, யாருக்கு இல்லை என்ற வேறுபாட்டில் 49 சதவீதத்தை மரபு வேறுபாடே விளக்கியது. அதே விலங்குகள், அதே புழு. அளந்த கருவிதான் மாறியது. கலிபோர்னியாக் கடற்சிங்கங்களிலும் 2003-இல் இதே திசையில் கிடைத்தது: உட்கலப்புக் கூடியவை நோயோடு ஒதுங்கின.

பழைய ஆய்வுகளில் "தொடர்பு இல்லை" என்று வந்ததையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது, சின்ன எண்ணிக்கையில் "தொடர்பு உண்டு" என்று வந்ததையும் அப்படியே நம்ப முடியாது என்று ஆகிறது. சேபிள் தீவு ஆய்வும் குறைந்த குறிகளின் காலத்ததுதான், அதையும் அந்த அளவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 29

கேட்டவர் மறுபடி: "அப்ப கிடாவ மாத்துனா போதும், சாவு நின்னுரும்ங்கிறீங்களா?"

நிற்காது. ஹவாய் மாங்க் சீலைப் பாருங்கள். உலகத்திலேயே மிகக் குறைந்த மரபு வேறுபாடு கொண்ட விலங்குகளில் ஒன்று, சுமார் 1,600 உருப்படி. இதற்கு நெருங்கிய சொந்தமான கரீபியன் மாங்க் சீல் வேட்டையில் அழிந்தே போனது, 1952-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஹவாயில் வடமேற்கே ஆள் இல்லாத தீவுகளில் பிறக்கும் குட்டிகள் பால் மறந்த பிறகு இரை போதாமல் மெலிந்து, நிறையச் சாகின்றன. சுறா பிடிக்கிறது, அறுந்த வலையில் மாட்டுகின்றன. மனிதர் வாழும் பெரிய தீவுகளின் கரையில் பிறப்பவை கொழுகொழுவென்று வளர்ந்து, அவற்றைவிட நன்றாகப் பிழைக்கின்றன. ரெண்டு பக்கமும் ரத்தம் ஒன்றுதான், மேய்ச்சல் வேறு.

ஆகவே தாய்க்குச் சினைக் கடைசி மாதத்தில் தீனி, ஈன்ற உடனே சீம்பால், மழையில் நனையாத தரை, வேளைக்குப் புழு மருந்து. இவற்றைச் செய்யாமல் கிடாவை மட்டும் மாற்றினால் காசுதான் போகும். செய்தும் ஒரு பகுதி குட்டி இளைத்தே பிறந்தால் அப்போது ரத்தத்தைப் பாருங்கள். இரண்டும் தனித்தனி விஷயம் என்றும் நினைக்க முடியாது. தீனி குறையும்போதுதான் உட்கலப்பின் பலவீனம் வெளியே வருகிறது, நல்ல வருஷத்தில் மறைந்து கிடக்கும். கிடா மாற்றாமல் பல வருஷம் நன்றாக ஓடியது என்று சொல்பவர்களின் பட்டியில், ஒரு மோசமான மழைக்காலத்தில் கும்பலாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 6

கோடியக்கரை பற்றி வேதாரண்யத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: வெளிமான்களுக்கும் இந்த ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சரணாலயம் 1967-இல் அமைந்தது. ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் பாக் நீரிணை, மிச்சப் பக்கம் உப்பளமும் ஊரும். வெளிமானில் நல்ல இடத்தைப் பிடித்துக் காக்கும் சில ஆண்களுக்குத்தான் பெட்டைகள் கிடைக்கும், சீல் கரை மாதிரியே. தலை எண்ணிக்கை நூறு என்றால் மரபுக்குப் பங்களிப்பது அதில் கொஞ்சம்தான். போதாததற்குச் சீமைக் கருவேலம் புல்வெளியைத் தின்றுகொண்டு வருகிறது, மட்டக்குதிரையோடு புல்லுக்குப் போட்டி, குட்டிக்கு நரி. இதன் மேல் ஒரு கஜா.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2023-இல் நாடு முழுக்க வெளிமான் மரபைப் பார்த்தது. ஆண் மான்கள் நினைத்ததைவிட அதிகமாக இடம்விட்டு இடம் போய் ரத்தம் கலக்கின்றன, பெட்டைகள் பிறந்த இடத்திலேயே தங்குகின்றன என்று தெரிந்தது. மனசுக்கு ஆறுதலான சேதி. ஆனால் கோடியக்கரை ஆண் மான் எங்கே போகும்? வெளிமான் இருக்கிற வல்லநாட்டுக்கு நடந்து போக முடியுமா, கிண்டிக்குப் போக முடியுமா? கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் வளர்ந்த மான் அங்கேயே கிழடாகிச் சாக வேண்டியதுதான்.

பின்லாந்தில் சைமா என்று ஒரு ஏரி. பனியுகம் முடிந்தபோது கடலிலிருந்து பிரிந்து அங்கே மாட்டிக்கொண்ட சீல் இனம் ஒன்று இன்னும் வாழ்கிறது, ஐந்நூறை ஒட்டித்தான் இருக்கும். அதன் மரபு வேறுபாடும் மிகக் குறைவு. பனிக் குவியலுக்குள் குகை தோண்டிக் குட்டி போடும். இப்போது பனி சரியாகப் பெய்வதில்லை, குட்டி திறந்த வெளியில் குளிரிலும் நரியிடமும் சாகிறது. ஆகவே ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய்க் குளிர்காலத்தில் பனியைக் குவித்து வைக்கிறார்கள். குட்டி வளரும் மாதங்களில் செவுள்வலை போடத் தடை. ரத்தத்தை உடனே மாற்ற முடியாத இடத்தில் குட்டிச் சாவைக் குறைக்கிறார்கள். கோடியக்கரையிலும் முதலில் செய்ய வேண்டியது கருவேலத்தை அகற்றிப் புல்லைக் காப்பதும் புயலுக்கு மேடு அமைப்பதும் என்பது என் எண்ணம். வெளியிலிருந்து மான் கொண்டுவந்து விடலாமா என்பதை மரபைப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜூலை 7

"அப்ப நம்மூர்ல அக்கா மகளைக் கட்டுறது?" என்று ஒரு கேள்வி வந்தது. வரும் என்று எதிர்பார்த்தேன். தாய்மாமன் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு, அத்தை மகள் மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. எங்கள் குடும்பத்திலும் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் நன்றாகவும் இருக்கலாம். வாய்ப்பு கூடுகிறது என்பதே விஷயம். ஏற்கெனவே கட்டியவர்கள் பயப்படாமல் கருவுறும் முன்பு மருத்துவரிடம் போய்ச் சொந்தத்தில் கட்டியதைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். சீல் படிப்பை வைத்து மனிதர்களைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை.

ஜூலை 13

கிடை போட வரும் கீதாரி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அறுவடை முடிந்ததும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருகிறவர். அவர் எந்தப் பத்திரிகையும் படித்ததில்லை. "கிடாவ ரெண்டு வருசத்துக்கு மேல வெச்சுக்க மாட்டோம்மா. பொட்டக் குட்டி வெடச்சு நிக்கிறதுக்குள்ள மாத்திருவோம். பக்கத்துக் கிடையில குடுத்துட்டு அவங்களத வாங்கிக்குவோம்" என்றார். குடாப்புக்குள் குட்டிகளை அடைத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் தாயும் எது என்று கேட்டதற்கு யோசிக்காமல் கை காட்டினார். எனக்கு நோட்டில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஜூலை 14

ஒரு எச்சரிக்கை. ரத்தம் மாற்றுவது என்றதும் எதையாவது கொண்டுவந்து சேர்ப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பா வைத்திருந்தது உம்பளச்சேரி மாடு. கன்று செம்பட்டையாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறம் ஆகும், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை. குட்டையான உடம்பு, சேற்று உழவில் சளைக்காது, உப்புப் புல்லைத் தின்று வாழும். பொலிகாளை குறைந்துபோனது என்று ஊரில் பல பேர் ஜெர்சி ஊசி போட்டார்கள். ரத்தம் மாறியது, மாடும் மாறிப்போனது. அந்த மாட்டால் இந்தச் சேற்றில் நிற்க முடியவில்லை. அதே இனத்தில், வேறு ஊரில், உறவில்லாத காளையைத் தேட வேண்டும். கொருக்கை அரசுப் பண்ணையில் உம்பளச்சேரியை வளர்க்கிறார்கள், விசாரியுங்கள். ஆட்டுக்கும் இதேதான், நம் மழைக்குப் பழகிய நாட்டுக் கிடாவாகவே பாருங்கள்.

ஜூலை 20 (கேட்டவர்)

டீச்சர், தலைஞாயிறு பக்கம் ஒரு பட்டியில கிடா பார்த்துட்டேன். அவங்களுக்கும் இதே பிரச்சினை, அவங்களதும் அங்கேயே பொறந்தது. மாத்திக்கலாம்னு பேசியிருக்கோம். எப்ப மாத்துறது, எத்தனை நாளைக்கு?

ஜூலை 20, இரவு

நல்லது தம்பி. மாற்றும் முன்பு இரண்டு கிடாவுக்கும் புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். வந்த கிடாவை மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துவிட்டுப் பட்டியில் விடுங்கள். அது போட்ட பெட்டைக் குட்டிகள் ஏழெட்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், சினைக் காலம் ஐந்து மாதம். ஆகவே விட்ட நாளிலிருந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அது கிளம்பிவிட வேண்டும். இப்போது பட்டியில் இருக்கும் பழைய கிடாவின் ஆண் குட்டிகள் நாலைந்து மாதத்திலேயே ஏற ஆரம்பிக்கும், அவற்றை இந்த வாரமே பிரித்துவிடுங்கள் அல்லது காயடித்துவிடுங்கள். பலர் கிடாவை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுவார்கள், அப்புறம் அண்ணனும் தங்கையும் சேர்ந்துகொண்டிருக்கும்.

தொங்கு தராசு எங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. மழைக்கு முன்னால் வந்து எடுத்துப் போங்கள், நோட்டுக் கட்டத்தையும் எழுதித் தருகிறேன்.